மறைப்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது

எட்டயபுரத்தில் ஒவ்வொரு டிசம்பர் 11 அன்றும் பள்ளிப் பிள்ளைகள் தலைப்பாகையும் முறுக்கு மீசையுமாகப் பாரதி வேடமிட்டு வருகிறார்கள். அஞ்சாமையைப் பற்றி மேடையேறிப் பேசிப் பரிசும் வாங்குகிறார்கள். அந்தப் பிள்ளைகளில் சிலர் நான்கைந்து ஆண்டுகள் கழித்துக் கோவில்பட்டியில் ஒரு கல்லூரி வகுப்பிலோ, தீப்பெட்டி ஆலையிலோ, திருப்பூரில் வாடகை அறையிலோ இருப்பார்கள். வாரக்கணக்கில் தூக்கம் இருக்காது. சாப்பாடு இறங்காது. எதிலும் பிடிப்பில்லாமல் போய், 'நான் இருந்து என்ன ஆகப்போகிறது' என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வரும். அதைப் பெற்ற தாயிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நெஞ்சுரம் இல்லை' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது தவறான முடிவு. மனநலம் பாதிக்கப்பட்ட இளைஞர் அதை மறைப்பதற்குக் கோழைத்தனம் காரணமில்லை, அறியாமையும் முழுக் காரணமில்லை. வெளியே சொன்னால் எதையெல்லாம் இழக்க வேண்டியிருக்கும் என்று அவர் கணக்குப் போட்டுப் பார்க்கிறார். வருத்தம் என்னவென்றால் அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. ஆகவே 'வெட்கப்படாதே, உதவி கேள்' என்று இளைஞர்களுக்குப் புத்தி சொல்வதோடு நம் வேலை முடிந்துவிடாது. உதவி கேட்பதற்கு அவர்கள் கொடுக்க வேண்டியிருக்கும் விலையை நாம்தான் குறைக்க வேண்டும்.

முதலில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பார்ப்போம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015–16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டையும் சேர்த்துப் பன்னிரண்டு மாநிலங்கள் இடம்பெற்றன. வயது வந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு அப்போது ஏதோவொரு மனநலக் கோளாறு இருந்தது. 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் இது 7.3 சதவீதம். ஐம்பது பேர் இருக்கும் ஒரு வகுப்பறையில் மூன்று நான்கு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளலாம். மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான கோளாறுகள் உள்ளவர்களில் ஏறத்தாழ 85 சதவீதம் பேர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை என்பது அதே கணக்கெடுப்பு சொன்ன இன்னொரு செய்தி. மனநோய்களில் பாதி 14 வயதுக்குள்ளேயே தலைகாட்டிவிடுகின்றன என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். லட்சம் பேருக்கு 25.9 என்ற இந்த விகிதம் நாட்டின் சராசரியான 12.4ஐப் போல இரு மடங்குக்கும் மேல். கல்வியிலும் மருத்துவத்திலும் முன்னணியில் நிற்கும் ஒரு மாநிலத்தின் எண்கள் இவை. மருத்துவம் நம்மிடம் இருக்கிறது. அதன் வாசலுக்குப் போக முடியாமல் எது தடுக்கிறது என்பதுதான் கேள்வி.

எதற்குப் பயம்?

சென்னையில் இயங்கும் ஸ்கார்ஃப் நிறுவனம் இந்தக் கேள்வியை நேராகவே கேட்டது. மனச்சிதைவு நோயாளிகளுக்காக மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய நிறுவனம் அது. நோயாளிகளைப் பராமரிக்கும் குடும்பத்தாரிடம் அதன் மருத்துவர்கள் நடத்தி 2000இல் வெளியிட்ட ஆய்வில், குடும்பங்களை அதிகம் வாட்டியவையாக மூன்று தெரியவந்தன: கல்யாணம் என்ன ஆகும் என்ற கவலை, அக்கம்பக்கத்தார் ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம், நோயை மறைத்தே ஆகவேண்டும் என்ற நெருக்கடி. இவற்றில் எதையும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. மூன்றும் இழப்பைப் பற்றிய நியாயமான அச்சங்கள். கரிசல் பூமியில் இந்த இழப்பு இன்னும் பெரிது. விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம், கயத்தாறு வட்டாரங்களில் வடகிழக்குப் பருவமழையை நம்பி உளுந்தும் பாசியும் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற மானாவாரிக் குடும்பத்துக்குப் பெரிய சொத்து என்று ஒன்றும் கிடையாது. இருப்பது குடும்பத்தின் பேர். விதைப்புக்குக் கடன் கிடைப்பதும், பெண் கொடுக்கவும் எடுக்கவும் ஆள் வருவதும், நல்லது கெட்டதுக்கு நாலு பேர் வந்து நிற்பதும் அந்தப் பேரை வைத்துத்தான். "அந்த வீட்டுப் பிள்ளைக்கு மனசு சரியில்லையாம்ல" என்று ஒரு பேச்சு கிளம்பினால், நோயில்லாத தங்கைக்கு வரும் சம்பந்தமும் நின்றுபோகும். அதனால்தான் பிள்ளைக்குச் சுகமில்லை என்று புரிந்த பின்பும் பெற்றோர் கோவில்பட்டிக்கோ திருநெல்வேலிக்கோ பஸ் ஏறத் தயங்குகிறார்கள். மனநல மருத்துவர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பதைச் சொந்த ஊர்க்காரர் ஒருவர் பார்த்துவிட்டால் போதும்.

விலை இவ்வளவு அதிகமாக இருப்பதால் ஜனங்கள் விலை குறைந்த வழிகளைத் தேடிக்கொள்கிறார்கள். மனச்சோர்வு தலைவலியாகவும் நெஞ்சுப் படபடப்பாகவும் உடம்பு வலியாகவும் மருத்துவரிடம் போய்ச் சேர்கிறது. ஊசியும் சத்து மாத்திரையும் வாங்கிக்கொண்டு திரும்புகிறது. கோடாங்கியிடம் குறி கேட்பதும், மந்திரித்துக் கயிறு கட்டுவதும், "ஒரு கல்யாணத்தைப் பண்ணி வச்சா எல்லாம் சரியாப் போயிரும்" என்று முடிவெடுப்பதும் இப்படிப்பட்ட வழிகள்தான். 'பேய் பிடித்திருக்கிறது' என்று சொன்னால் குற்றம் பேயோடு போய்விடும், வம்சத்தின் மேல் வராது. கணக்கு என்று பார்த்தால் புத்திசாலித்தனமான கணக்கு. ஆனால் அதில் காலம் விரயமாகிறது. மனச்சிதைவு போன்ற நோய்கள் பெரும்பாலும் பதின்ம வயதின் முடிவிலும் இருபதுகளிலும் தொடங்குகின்றன. சிகிச்சை தள்ளிப்போகப் போக மீள்வது கடினமாகும். மருத்துவர்கள் 1980களின் தொடக்கத்தில் சென்னையில் தொண்ணூறு நோயாளிகளை முதல் கட்டத்திலேயே கண்டறிந்து, பத்தாண்டுக்கும் மேல் விடாமல் கவனித்து வந்தார்கள். தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் நல்ல முன்னேற்றம் கண்டார்கள். 'இது வந்தால் வாழ்க்கை முடிந்தது' என்று ஊர் நம்புகிற நோய்க்கே நிலைமை இதுதான் என்றால், மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் நம்பிக்கை இன்னும் அதிகம்.

மறைப்பதற்கு நாம் கொடுத்த விலையைக் காட்டும் இடம் கரிசலிலிருந்து வெகுதொலைவில் இல்லை. கிழக்கே ராமநாதபுரம் கடற்கரையில் ஏர்வாடி. அங்குள்ள தர்காவைச் சுற்றித் தனியார் 'காப்பகங்கள்' பல இருந்தன. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அவற்றில் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்பியோட வழியில்லாமல் கருகினார்கள். இருபத்தெட்டு உயிர்கள் போயின. நாடே அதிர்ந்தது, உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து விசாரித்தது. அவர்களை அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பங்களைக் கொடியவர்கள் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. ஆனால் ஊருக்குத் தெரியாமல் நோயாளியை வைத்துக்கொள்ள அவர்களுக்கு வேறு இடம் இருக்கவில்லை. பக்கத்து மருத்துவமனையில், மற்ற நோயாளிகளோடு ஒருவராக, கூச்சமில்லாமல் வந்து போகக்கூடிய சிகிச்சை அன்று இருந்திருந்தால் அந்தச் சங்கிலிகளில் பலவற்றுக்கு வேலையே இருந்திருக்காது.

களங்கம் எப்படிக் குறைகிறது?

ஒரு நோயின் மேல் படிந்த களங்கம் பிரசங்கத்தால் மட்டும் கரைந்ததாக வரலாறு இல்லை. தொழுநோயை எடுத்துக்கொள்ளுங்கள். நம் தாத்தா பாட்டி காலத்தில் தொழுநோயாளியை ஊருக்கு வெளியே தள்ளினார்கள், அவர் தொட்ட பாத்திரத்தைத் தொட மாட்டார்கள். 1981இல் உலகச் சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. நோய் குணமாவதை ஜனங்கள் கண்ணால் பார்த்தார்கள். பிறகு தனித் தொழுநோய் மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசியமே இல்லாமல், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாத்திரை கிடைத்தது. பயம் முற்றிலும் போகவில்லை என்றாலும் பெரும்பகுதி தணிந்தது. அதன் பின்னால் சட்டமும் வந்தது: தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாகக் காட்டும் பிரிவை நாடாளுமன்றம் 2019இல் நீக்கியது. அதற்கும் முன்பே, 1999இல், காக்காய் வலிப்பு உள்ளவருக்குத் திருமணத் தகுதி இல்லை என்ற விதி இந்துத் திருமணச் சட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. நோய் சரியாவது தெரிய வேண்டும். சிகிச்சை சாதாரண இடத்தில் கிடைக்க வேண்டும். சட்டம் பக்கத்தில் நிற்க வேண்டும். இம்மூன்றும் சேர்ந்தபோதுதான் ஊரின் மனம் மாறியது.

மனநலத்திலும் இது நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுகள் இருக்கின்றன. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவப் பட்டம் இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களோடு ஆறு முதல் எட்டு முறை உட்கார்ந்து பேச வைத்தார்கள். நாளுக்கு ஒரு சின்ன வேலையைச் செய்து முடிக்கத் திட்டமிடுவது, ஒதுங்கிப்போன உறவுகளை மறுபடி பிடித்துக்கொள்வது போன்ற எளிய பயிற்சிகள்தான். மூன்று மாத முடிவில் அப்படிப் பேசப்பட்டவர்களில் 64 சதவீதம் பேர் நோய் நீங்கிய நிலைக்கு வந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம் பேர்தான் வந்தார்கள். 2017இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த ஆய்வு இது. மனநல மருத்துவர் கிடைக்காத ஊரிலும் முதல் உதவியைப் பக்கத்திலேயே தர முடியும், 'மனநல ஆஸ்பத்திரி' என்ற பலகையைத் தாண்டாமலே தர முடியும் என்பதை அது காட்டியது.

இளைஞர்களுக்கு இன்னும் நெருக்கமான சான்று பீகாரிலிருந்து வருகிறது. நாளந்தா மாவட்டத்தின் அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளின் மனநலத்துக்கான ஒரே திட்டத்தை இரண்டு விதமாக நடத்திப் பார்த்தார்கள். சில பள்ளிகளில் அங்கேயே வேலை பார்க்கும் ஆசிரியர்கள் நடத்தினார்கள். வேறு சில பள்ளிகளில், இதற்கென்றே அமர்த்தப்பட்ட உள்ளூர் ஆலோசகர் நடத்தினார். 2018இல் முடிவு வெளியானது. ஆலோசகர் இருந்த பள்ளிகளில் மனச்சோர்வு குறைந்தது, பிள்ளைகள் ஒருவரையொருவர் கொடுமைப்படுத்துவது குறைந்தது, பள்ளிச் சூழலே மேம்பட்டது. ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளில் சொல்லிக்கொள்ளும்படி பலன் இல்லை. ஆசிரியர்களுக்கு அக்கறை இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. அவர்களுக்கு நேரம் இல்லை. அதைவிட, தன் விடைத்தாளைத் திருத்துகிறவரிடமும், பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுகிறவரிடமும் எந்தப் பிள்ளையும் தன் மனதைத் திறந்து காட்டத் துணியாது. இங்கேயும் அதே கணக்குதான். சொல்ல வேண்டிய ஆளை மாற்றினால் சொல்வதன் விலை மாறுகிறது, பிள்ளை வாய் திறக்கிறது.

மறுப்புகளும் பதில்களும்

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களை நேர்மையாகச் சந்திக்க வேண்டும். 'எங்க காலத்துல இதெல்லாம் கிடையாது. வெயில்ல கெடந்து காட்டு வேலை பார்த்தா எல்லாம் சரியாயிரும்' என்பது முதலாவது. மனநோய் புதிதாக வந்ததில்லை. சென்னையில் மனநலக் காப்பகம் 1794லேயே வந்துவிட்டது. திருச்சி பக்கம் குணசீலத்துக்கும் ஏர்வாடிக்கும் தலைமுறை தலைமுறையாக நோயாளிகளை அழைத்துப் போனவர்கள் நம் முன்னோர்கள்தான். அந்தக் காலத்தில் நோய் இல்லாமல் இல்லை. பின்கட்டு அறையிலும் ஊர் எல்லையிலும் அது பேசப்படாமல் கிடந்தது. உழைப்பு உடம்புக்கும் மனசுக்கும் நல்லது என்பது உண்மை. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமும் பசியும் விருப்பமும் செத்துப்போய்க் கிடக்கிறவருக்கு எழுந்து நிற்பதே பெரும்பாடு. அவரை 'சோம்பேறி' என்று சொல்வது, காய்ச்சலில் கிடப்பவரை ஓடச் சொல்வதற்குச் சமம்.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது. 'மழை பொய்க்கிறது, விளைச்சலுக்கு விலை இல்லை, படித்தவனுக்கு வேலை இல்லை, சாதி பார்த்துக் காதலைப் பிரிக்கிறார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு வருத்தப்படுகிறவனுக்கு மாத்திரை கொடுப்பது எந்த ஊர் நியாயம்?' இந்தக் கேள்வியில் பெரும் உண்மை இருக்கிறது. எல்லாத் துக்கமும் நோய் ஆகாது. கடனையும் அவமானத்தையும் மாத்திரை தீர்க்காது. அதனால்தான் மனநலம் என்பதை மருத்துவமனைக்குள் மட்டும் அடைத்துவிடக்கூடாது. தமிழ்நாட்டில் இதற்கு நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. பொதுத் தேர்வில் தோற்றால் ஓராண்டு வீணாகும் என்ற நிலை பிள்ளைகளை விபரீத முடிவுகளுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. 1986இல் சென்னையில் சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவரைப் போன்றவர்களும் வலியுறுத்தியதன் பயனாக, 2000களின் தொடக்கத்தில் தோற்ற பாடத்தை உடனே மறுபடி எழுதும் துணைத் தேர்வு முறை வந்தது. தேர்வுத் தோல்வியால் நிகழும் மரணங்கள் அதன் பின் குறைந்தன. ஒரு கால அட்டவணையை மாற்றியதே உயிர்களைக் காத்தது. ஆக, சமூகக் காரணத்தைச் சரிசெய்வதும் நோய்க்குச் சிகிச்சை கொடுப்பதும் ஒன்றையொன்று வெட்டும் வேலைகள் அல்ல. கடன் கழுத்தை நெரிக்கும்போதே மனச்சோர்வும் சேர்ந்துகொண்டால், கடனைச் சமாளிக்கத் தேவையான தெம்பும் போய்விடும். அந்தத் தெம்பை மீட்டுக் கொடுப்பதற்குத்தான் சிகிச்சை.

மூன்றாவது, கோயிலையும் தர்காவையும் பற்றியது. 'சாமியிடம் போவதைத் தடுக்கிறீர்களா?' என்று கேட்பார்கள். தடுக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் என்ற ஊரின் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 மனநோயாளிகளை மருத்துவர்கள் ஆராய்ந்து 2002இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். கோயிலில் இருந்த சில வாரங்களிலேயே அவர்களின் நோய்க்குறிகள் ஏறத்தாழ இருபது சதவீதம் குறைந்திருந்தன. அங்கே கூடவே வீட்டு மனிதர் ஒருவர், மிரட்டாத சூழல், கையில் சிறு வேலை. ஆதரவான இடமே பாதி மருந்து என்பதற்கு இது அத்தாட்சி. சாமியிடம் போனவர்களையும் ஊர் ஒதுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அங்கே போவதற்கு விலை குறைவு. குணசீலத்தில் கோயிலை ஒட்டியே மனநல மறுவாழ்வு மையம் நடப்பதும், ஏர்வாடியில் துஆ என்ற பிரார்த்தனையோடு மருந்தும் கொடுக்க ஏற்பாடு வந்ததும் இந்த அறிவோடு ஒத்துப்போகிறவைதான். கும்பிடப் போகிறவர் மாத்திரையும் சாப்பிடட்டும். கட்டிப்போடுவதும் அடிப்பதும் பட்டினி போடுவதும் மட்டும் எங்கு நடந்தாலும் குற்றம்.

'இதையெல்லாம் பிள்ளைகளிடம் பேசினால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிட மாட்டோமா?' என்பது பெற்றோரின் பயம். பதறாமல், பழிக்காமல், 'வாழப் பிடிக்கலைன்னு தோணுதாப்பா?' என்று நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை உண்டாக்குவதில்லை என்பதே ஆய்வுகளின் முடிவு. கேட்கப்பட்டவர்களில் பலர், கடைசியில் ஒருவராவது கேட்டாரே என்று நிம்மதி அடைகிறார்கள். மாத்திரை பற்றிய பயமும் உண்டு. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்துகள் சாராயத்தைப் போல வெறியூட்டி அடிமையாக்குபவை அல்ல. ஆனால் அவற்றைத் திடீரென நிறுத்தக்கூடாது, மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். தூக்க மாத்திரைகள் சில பழக்கமாகிவிடும். அதனால்தான் அவற்றைக் கடையில் தானாக வாங்கிப் போடக்கூடாது.

விலையைக் குறைக்கும் கடமை

சட்டம் நம் பக்கத்தில் நிற்கத் தொடங்கிவிட்டது. 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நிதியில் நடக்கும் மனநலச் சிகிச்சையை ஒவ்வொருவருக்கும் உரிமையாக்கியது. நோய் பற்றிய செய்தியை ரகசியமாக வைத்திருக்கச் சொல்கிறது. சங்கிலியில் கட்டுவதைத் தடை செய்கிறது. உடல் நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தரச் சொல்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும், குற்றவாளியாக நடத்தக்கூடாது என்கிறது. மருத்துவமனைக்குப் போனால் தண்டனை வரும் என்ற பயத்தில் இனி யாரும் நேரத்தை இழக்க வேண்டியதில்லை. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாடு அரசு இதை 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடத்துகிறது. 104 என்ற மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் யார் கண்ணிலும் படாமல் உதவி தேட முடிகிற முதல் வழி இது. அதற்கு மேல் தேவைப்பட்டால் தூத்துக்குடி, திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு.

மீதிக் கடமை ஊருக்கு. எட்டயபுரத்துச் சனிக்கிழமை ஆட்டுச் சந்தைக்குச் சுற்றுவட்டாரமே வருகிறது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும் முகாமை அங்கே போடுகிறவர்கள், 'தூக்கம் எப்படி இருக்கு, மனசு எப்படி இருக்கு' என்ற கேள்வியையும் அதே மேசையில் கேட்கலாம். தனி மனநல முகாம் என்று பலகை வைக்க வேண்டாம்; பலகை வைத்தால் கூட்டம் ஒதுங்கும். ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும், மதிப்பெண்ணோடு சம்பந்தமில்லாத ஓர் ஆலோசகர் வேண்டும். பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பட்டதாரிக்கு அது வேலையும் ஆகும். தீப்பெட்டி ஆலைகளில் இளம்பெண்களுக்கு நம்பகமான ஒரு பெண் பணியாளர் இருந்தால் பாதிச் சுமை இறங்கும். குணமாகி வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவர் ஒருவர், தானே விரும்பி மேடையேறிப் பேசினால் அதற்கு நூறு சுவரொட்டி ஈடாகாது. மனநோய் கண்டவர்களை நேரில் பார்த்துப் பழகுவதே களங்கத்தைக் குறைப்பதில் மற்ற எல்லாவற்றையும்விடப் பலன் தருகிறது என்று 2022இல் லான்செட் ஆணையம் உலக ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னது. எல்லாவற்றுக்கும் மேலாக, சம்பந்தம் பேசுகிற வீட்டில் 'அண்ணன் மனசுக்குச் சிகிச்சை எடுத்தானாம்' என்று யாராவது இழுக்கும்போது, 'எடுத்துச் சரியாயிட்டான், அதுக்கென்ன?' என்று ஒரு பெரியவர் சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தை அங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் இளைஞரின் கணக்கை மாற்றிவிடும். துணிச்சலை இளைஞர்களிடம் எதிர்பார்த்தே நாம் பழகிவிட்டோம். இந்த விஷயத்தில் முதலில் துணிய வேண்டியவர்கள், இழப்பதற்கு அவர்களைவிடக் குறைவாக இருக்கும் பெரியவர்கள்.